கேட்டைக்குப் பக்கத்தில் 4 சதவீதம்

ஒளியின் அதிர்வு ஒரு திசையில் மற்றவற்றைவிட எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்பதுதான் தளவிளைவு. அதை அளக்க நான் செய்த கருவியை முதன்முதலாகத் தொலைநோக்கியில் மாட்டிய இரவில் ஏழு நட்சத்திரங்களை அளந்தேன். ஏழிலும் கிட்டத்தட்ட 3 சதவீதம் வந்தது. அன்றைக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. சிட்னிக்கு மேற்கே, பெண்டில் ஹில்லில், பக்கத்து வீட்டு விளக்கு வேலி தாண்டி விழும் ஒரு கொல்லையிலிருந்து நட்சத்திர ஒளியின் தளவிளைவை அளந்துவிட்டேன் என்று விடியும்வரை பூரித்துக் கிடந்தேன். காலையில் காபியோடு உட்கார்ந்து அட்டவணையை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. ஏழில் ஒன்று சிரியஸ். வெறும் எட்டரை ஒளியாண்டுத் தொலைவில் இருப்பது. நமக்கும் அதற்கும் நடுவே, ஒளிக்குத் தளவிளைவு தரும் தூசு என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. அதன் ஒளியில் 3 சதவீதம் வர வழியே இல்லை. அதோடு, ஏழு நட்சத்திரத்துக்கும் திசை ஒன்றேதான்.

அப்போது என்னிடம் இருந்தது 20 சென்டிமீட்டர் நியூட்டன் வகைத் தொலைநோக்கி. குழாயின் அடியில் இருக்கும் பெரிய ஆடி ஒளியைக் குவித்து மேலே அனுப்பும். மேலே 45 பாகை சாய்ந்து நிற்கும் சின்ன ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்பி வெளியே விடும். அந்தச் சாய்வுதான் வில்லங்கம். அலுமினியம் பூசிய ஆடியில் ஒளி அப்படிச் சாய்ந்து விழும்போது, ஒரு திசையில் அதிரும் ஒளியில் நூற்றுக்கு ஏறக்குறைய 94 பங்கு திரும்பும். அதற்குக் குறுக்கே அதிரும் ஒளியில் 88 பங்குதான் திரும்பும். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். உறுதி செய்துகொள்ள, அடுத்த இரவு குழாயைப் பிடித்திருக்கும் வளையங்களைத் தளர்த்தி, குழாயை 90 பாகை சுழற்றி வைத்து மறுபடி அளந்தேன். வானத்தை வைத்துக் கணக்கிட்ட திசையும் 90 பாகை திரும்பியது. நட்சத்திரங்கள் என் குழாயோடு சேர்ந்து சுழலாது. இரண்டு இரவும் நான் அளந்தது ஒரு சின்ன ஆடியைத்தான்.

மருத்துவமனை ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். காலையில் முதல் நோயாளியின் ரத்தம் உள்ளே போகும் முன்பு, விடை தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால்தான் அந்த எந்திரத்தின் எண்ணுக்கு மதிப்பு. வானத்திலும் அப்படி ஒன்று வேண்டும் என்பதும், சிரியஸ்தான் அது என்பதும் அந்தக் காலையில் புரிந்தது. அதற்குப் பிறகு இந்த ஒன்றரை வருடத்தில் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல், கருவியின் பங்கு எது, வானத்தின் பங்கு எது என்று பிரித்துப் பார்க்கும் வேலைதான்.

தளவிளைவு என்பது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் தரும் சொல். இலங்கையில் முனைவாக்கம் என்பார்கள். ஒளி போகும் திசைக்குக் குறுக்கே அதிர்கிறது. குறுக்கே என்றால் மேலும் கீழுமாக இருக்கலாம், இடமும் வலமுமாக இருக்கலாம், நடுவில் எந்தச் சாய்விலும் இருக்கலாம். சாதாரண விளக்கொளியில் எல்லாச் சாய்வும் சம அளவில் கலந்து கிடக்கும். ஏதோ ஒரு சாய்வு மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஓங்கியிருந்தால் அந்த ஒளி அந்த அளவுக்குத் தளவிளைவு அடைந்திருக்கிறது என்கிறோம். தேனீக்கு இது தெரியும். நீலவானத்தின் தளவிளைவைப் பார்த்துத்தான் அது திசை அறிகிறது. நமக்குப் போலராய்டு தேவைப்படுகிறது. போலராய்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் நின்று தலையைச் சாய்த்துப் பாருங்கள். நீரின் மேல் மினுங்கும் பளபளப்பு ஒரு சாய்வில் அணைந்து, அடியில் கிடக்கும் கல் தெரியும்.

இதையே 1921இல் ஒருவர் கப்பல் தளத்தில் நின்று கடலை வைத்துச் செய்தார். ஆக்ஸ்ஃபோர்டு போய்விட்டு நார்குண்டா என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன், பையில் ஒரு நிகோல் பட்டகம் வைத்திருந்தார். போலராய்டைப் போல ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படிகம் அது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்பது அன்றைய நம்பிக்கை. ராமன் பட்டகத்தைத் திருப்பி மேற்பரப்பின் பிரதிபலிப்பை அணைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கப்பலிலிருந்தபடியே எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து நேச்சர் இதழுக்கு அனுப்பினார்.

ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். இருவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர்கள். ராமன் கடலைப் பார்த்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் யெர்க்கீஸ் வானாய்வகத்தில் இருந்த சந்திரசேகர், இதே சிதறலை விண்மீனின் மேற்பரப்புக்குப் போட்டுப் பார்த்தார். மிகச் சூடான விண்மீன்களின் வளிமண்டலத்தில் எலக்ட்ரான்கள் அணுவை விட்டுப் பிரிந்து திரியும். ஒளி அவற்றில் பட்டுச் சிதறித்தான் வெளியே வரும். அப்படி வரும் ஒளி விண்மீன் வட்டத்தின் நடுவில் தளவிளைவு இல்லாமலும், விளிம்பை நெருங்க நெருங்கக் கூடியும், விளிம்பில் 11.7 சதவீதம்வரையும் இருக்கும் என்று அவருடைய சமன்பாடுகள் காட்டின. அந்தக் கணக்குக்காக, 1852இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் எழுதிவைத்து அதிகம் பேர் கண்டுகொள்ளாமல் கிடந்த, தளவிளைவைச் சில எண்களாக எழுதும் ஒரு முறையைத் தூசு தட்டி எடுத்தார். இன்று நான் கொல்லையில் உட்கார்ந்து போடும் கூட்டல் கழித்தலும் அந்த ஸ்டோக்ஸ் எண்களைத்தான்.

ஒரு சிக்கல். விண்மீன் நமக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரிகிறது. விளிம்பில் அதிர்வின் திசை வளையலைப் போல வட்டத்தைச் சுற்றி ஓடுகிறது. மேல் விளிம்பில் இடவலமாக இருந்தால் பக்க விளிம்பில் மேல்கீழாக இருக்கும். மொத்தத்தையும் ஒரே புள்ளியாகக் கூட்டினால் எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துப் பூஜ்யமாகிவிடும். அந்த வட்டத்தின் சமன் எங்காவது குலைந்தால்தான் மிச்சம் ஏதாவது நம்மிடம் வந்து சேரும். ஒரு விண்மீன் இன்னொன்றை மறைக்கும் கிரகண இரட்டைகளில் பாருங்கள் என்று சந்திரசேகர் வழியும் சொன்னார். விளிம்பின் ஒரு பகுதி மறையும் நேரத்தில் மீதி விளிம்பு தலைகாட்டும் அல்லவா.

அமெரிக்க வானியலாளர்கள் ஆல்பர்ட் ஹில்ட்னரும் ஜான் ஹாலும் தேடப் போனார்கள். டெக்சஸில் இருந்த மெக்டொனால்டு வானாய்வகத்தில் சேர்ந்து தொடங்கி, பிறகு தனித்தனியாக. தளவிளைவு கிடைத்தது, அதுவும் சில சதவீதம். ஆனால் கிரகணம் வந்தாலும் போனாலும் அது மாறவில்லை. கிரகணமே இல்லாத பக்கத்து நட்சத்திரங்களிலும் ஏறக்குறைய அதே திசையில் இருந்தது. தூரத்தில் இருக்கும், தூசால் சிவந்து தெரியும் நட்சத்திரங்களில் கூடுதலாக இருந்தது. அப்படியானால் அது விண்மீனில் பிறந்ததல்ல, வழியில் ஒட்டிக்கொண்டது. 1949இல் இருவரும் சயின்ஸ் இதழில் தனித்தனியே அறிவித்தார்கள்: விண்மீன்களுக்கு இடையே இருக்கும் தூசு ஒளியைச் சல்லடை போட்டு அனுப்புகிறது. அன்று அவர்களுக்கு வாய்த்ததும் எனக்கு வாய்த்ததும் ஒரு விதத்தில் ஒரே அனுபவம். எல்லாமே ஒரே திசையைக் காட்டுகின்றன என்றால் காரணம் நட்சத்திரங்களில் இல்லை. என் விஷயத்தில் அது ஓர் ஆடியோடு முடிந்தது. அவர்கள் விஷயத்தில் பால்வீதியின் காந்தப்புலமே வெளிச்சத்துக்கு வந்தது.

எப்படி என்றால், தூசுத் துகள்கள் உருண்டையாக இல்லை. நீளவாக்கில் இருக்கின்றன, தம்மைச் சுற்றி வேகமாகச் சுழல்கின்றன. காந்தப்புலம் அவற்றின் சுழல் அச்சை மெல்ல மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. அதனால் துகளின் நீளப்பக்கம் காந்தப்புலத்துக்குக் குறுக்கே அமையும். திசைகாட்டி முள் வடக்கு பார்ப்பது போன்றது அல்ல இது, சொல்லப்போனால் நேர் எதிர். நீளப்பக்கத்தை ஒட்டி அதிரும் ஒளியைத் துகள் கூடுதலாக விழுங்கிவிடுகிறது. தப்பி வரும் ஒளியில் காந்தப்புலத்தின் திசை ஓங்கியிருக்கும். 1951இல் டேவிஸும் கிரீன்ஸ்டைனும் இந்த வழியில் விளக்கினார்கள். காந்தம் துகளைத் திருப்பும் நுணுக்கத்தில் இன்றைய புரிதல் மாறியிருக்கிறது. விண்மீன் ஒளியே துகள்களை முறுக்கிச் சுழற்றுவதற்கு இப்போது பெரிய பங்கு கொடுக்கிறார்கள். ஆனாலும் ஒளி ஓங்கி அதிரும் திசைதான் காந்தப்புலத்தின் திசை என்பது அப்படியே நிற்கிறது.

சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் 1953இல் இதிலிருந்து இன்னும் ஒரு படி போனார்கள். எனக்கு மிகவும் பிடித்த வாதம் அது. துணி காயப்போடும் கொடியை இழுத்துக் கட்டியிருந்தால் காற்றில் அதிகம் ஆடாது. தொய்வாகக் கட்டியிருந்தால் அலைபாயும். காந்தப்புலக் கோடுகளும் அப்படித்தான். புலம் வலுவாக இருந்தால் வாயுக்களின் கொந்தளிப்பு அவற்றை அதிகம் வளைக்க முடியாது, பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்களின் தளவிளைவுத் திசைகள் ஒத்துப்போகும். வலு குறைவாக இருந்தால் திசைகள் சிதறும். அந்தச் சிதறலை அளந்தே நம் சுருள் கையின் காந்தப்புலம் ஏழு மைக்ரோகாஸ் அளவில் இருக்கும் என்று கணித்தார்கள். பூமியின் காந்தப்புலத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. திசைகளைக் குறித்த ஒரு பட்டியல், காற்றின் வேகம் போல வாயுவின் வேகம், அடர்த்தி, இவ்வளவுதான் கையில். அதை வைத்துக்கொண்டு ஒரு பால்வீதியின் காந்தத்தை எடை போட்டுவிட்டார்கள்.

சந்திரசேகர் முதலில் சொன்ன விளிம்பு விளைவு என்ன ஆனது? 37 ஆண்டுகள் காத்திருந்தது. 1983இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கெம்ப்பும் அவருடைய குழுவும் அல்கோல் என்ற கிரகண இரட்டையில் அதைப் பிடித்தார்கள். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்த ஆண்டும் அதுதான். விண்மீன் வேகமாகச் சுழன்று இடுப்பு பெருத்துத் தட்டையாகிவிட்டாலும் வட்டத்தின் சமன் குலையும் என்று ஹாரிங்டனும் காலின்ஸும் 1968இல் சொல்லியிருந்தார்கள். அதைப் பார்க்க 2017 ஆனது. மகம் நட்சத்திரம், அதாவது ரெகுலஸ், பதினாறு மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சூரியனுக்கு அதே சுற்றுக்கு 25 நாள் ஆகிறது. தன்னைத் தானே பிய்த்துக்கொள்ளும் வேகத்தில் 96.5 சதவீதத்தில் மகம் சுழல்கிறது என்று அதன் தளவிளைவிலிருந்து கணக்கிட்டவர்கள் இங்கே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் காட்டனும் ஜெரமி பெய்லியும் அவர்களுடைய குழுவும். சைடிங் ஸ்பிரிங் மலையில் இருக்கும் 3.9 மீட்டர் தொலைநோக்கியில் ஹிப்பி என்ற தங்கள் கருவியை மாட்டி அளந்தார்கள்.

என்னை இந்த வேலைக்குள் இழுத்தது அந்தப் பெரிய கருவி இல்லை, அதன் தம்பி. மினி-ஹிப்பி. அதே ஆண்டில் அதைப் பற்றி எழுதினார்கள். எடை 650 கிராம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பெரிய தேங்காய் கனம். அதை 35 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் மாட்டி, தளவிளைவை லட்சத்தில் ஒரு பங்குவரை அளந்தார்கள். தொலைநோக்கி இருந்ததோ மலை உச்சியில் அல்ல, சிட்னி நகரத்துக்குள். படித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றேன். என் வீட்டிலிருந்தும் அதே வானம்தான், ஏறக்குறைய அதே தெருவிளக்கு வெளிச்சம்தான்.

அந்தக் கருவியின் சூட்சுமம் வேகத்தில் இருக்கிறது. உள்ளே ஒரு திரவப் படிகத் தகடு. மின்சாரத்தைத் திருப்பிப் போட்டால், தன் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் திசையை அது 90 பாகை மாற்றிவிடும், நொடிக்கு 500 தடவை. அதன் பின்னால் ஒரே ஒரு திசையை மட்டும் விடும் பட்டகம், அதற்கும் பின்னால் ஒளித்துகள்களை உணரும் குழல். நட்சத்திரம் மினுக்குவது காற்றால். காற்று எவ்வளவு வேகமாக அலைந்தாலும் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குள் அதிகம் மாறிவிடாது. அதற்குள் இரண்டு திசைகளையும் ஒப்பிட்டு முடித்துவிட்டால் மினுக்கல் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும், கழித்தால் போய்விடும்.

அந்தத் தகட்டையும் அதை ஓட்டும் மின்சுற்றையும் வாங்க எனக்கு வசதி இல்லை. என் வழி வேறு. அதைச் சொல்வதற்கு எங்கள் தாத்தாவின் கடைக்குப் போக வேண்டும்.

பாளையங்கோட்டையில் தாத்தாவுக்கு மளிகைக் கடை. கல்லாவுக்கு மேலே சங்கிலியில் தொங்கும் தட்டுத் தராசு. சரக்குப் போட வருபவர் கொண்டுவரும் தராசில் சந்தேகம் வந்தால் தாத்தா சண்டை போட மாட்டார். "தட்டை மாத்திப் போடுப்பா" என்பார். படிக்கல் இருந்த தட்டில் வெல்லம், வெல்லம் இருந்த தட்டில் படிக்கல். தராசின் ஒரு கை நீளமாக இருந்தால் முதல் தடவை கூடக் காட்டியது இரண்டாவது தடவை அதே விகிதத்தில் குறையக் காட்டும். இரண்டு எடையையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கைகளின் குற்றம் அடிபட்டுப்போய் உண்மையான எடை நிற்கும். தாத்தாவுக்கு வர்க்கமூலம் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைச் சொல்லிக் கணக்கை முடிப்பார், சரியாகவே இருக்கும்.

முதல் கருவியில் நான் ஒற்றைத் தட்டில்தான் எடை போட்டேன். போலராய்டை 0, 45, 90, 135 பாகைகளில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுப்பது. இரண்டு படத்துக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகம் ஒன்று கடந்தால் போதும், நட்சத்திரம் 2 சதவீதம் மங்கிவிடும். அது தளவிளைவு மாதிரியே வேஷம் போடும். இன்னொன்று, என் போலராய்டின் இரு பக்கமும் துல்லியமாக இணையாக இல்லை. திருப்பத் திருப்ப நட்சத்திரத்தின் பிம்பம் கேமராவில் நகர்ந்தது. வேறு வேறு பிக்சல்களில் விழுந்தது. பிக்சலுக்குப் பிக்சல் உணர்திறன் கொஞ்சம் மாறும். அதுவும் கணக்கில் ஏறிக்கொண்டது.

இரண்டு தட்டு கொடுத்தது சவார்ட் தகடு. பழைய கனிம நுண்ணோக்கிப் பாகங்கள் விற்ற ஒருவரிடமிருந்து வாங்கினேன். கால்சைட் படிகத்தின் இரண்டு துண்டுகளைக் குறுக்குமறுக்காக ஒட்டியிருப்பார்கள். அதன் வழியே ஒரு நட்சத்திரம் இரண்டாகத் தெரியும். ஒன்றில் ஒரு திசையில் அதிரும் ஒளி, மற்றதில் அதற்குக் குறுக்கே அதிரும் ஒளி. இரண்டும் ஒரே படத்தில், ஒரே நொடியில் விழுகின்றன. மேகம் வந்தால் இரண்டும் ஒன்றாக மங்கும், விகிதம் மாறாது. பிறகு தகட்டை 90 பாகை திருப்பி இன்னொரு படம். இப்போது இரண்டு பிம்பங்களும் வேலையை மாற்றிக்கொள்ளும். தாத்தா சொன்னதுதான், தட்டை மாற்றிப் போடுவது. முதல் விகிதத்தை இரண்டாவது விகிதத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் பிக்சல்களின் குற்றமும் ஆகாயத்தின் குற்றமும் அடிபட்டுப்போகும். தொழில்முறை வானியலாளர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். முதன்முதலில் அந்தச் சமன்பாட்டைப் படித்தபோது கல்லா மேல் தொங்கிய சங்கிலிதான் கண்ணில் நின்றது.

கூடு முழுவதையும் என் மகள் முப்பரிமாண அச்சில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தாள். திருப்பும் வளையத்தில் 45 பாகைக்கு ஒரு பள்ளம். சின்னக் குண்டு ஒன்று டக்கென்று வந்து அதில் உட்காரும், இருட்டில் விரலாலேயே எண்ணிக்கொள்ளலாம். கேமரா சேர்த்து முக்கால் கிலோ வரவில்லை. நியூட்டன் தொலைநோக்கியை விற்றுவிட்டு, பழைய ஷ்மிட்-காசெகிரைன் ஒன்று வாங்கினேன். அதில் சாய்ந்த ஆடி கிடையாது. ஒளி நேராக மேலே போய் நேராகவே திரும்பிப் பின்பக்கம் வெளியே வருகிறது. எல்லாம் வட்டச் சமனாக இருப்பதால் ஆடிகள் தரும் தளவிளைவும் அடிபட்டுப்போகிறது, விண்மீன் வட்டத்தில் நடப்பது போலவே. முழுக்கப் போகாது. மிச்சம் எவ்வளவு என்று தெரிய ஒவ்வோர் இரவும் முதலில் சிரியஸையோ, அதைப் போலவே நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆல்ஃபா செண்டாரியையோ அளந்து, அந்த எண்ணை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். தட்டை மாற்றிப் போடும் வித்தை தகட்டுக்குப் பின்னால் இருக்கும் குற்றங்களுக்குத்தான் மருந்து. தகட்டுக்கு முன்னால் ஆடியில் ஏறிய தளவிளைவு நட்சத்திரத்தின் தளவிளைவோடு கலந்தே உள்ளே வருகிறது, அதைக் கன்ட்ரோல் மாதிரிதான் காட்டிக்கொடுக்கும்.

போன வருடம் ஜூலை மாதம், அமாவாசையை ஒட்டிய ஒரு வியாழக்கிழமை. கேட்டை நட்சத்திரம் இங்கே குளிர்காலத்தில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும். அதிலிருந்து மூன்று பாகை தள்ளி ஓமிக்ரான் ஸ்கார்ப்பியை என்ற நட்சத்திரம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்காத நட்சத்திரம். ஆனால் ரோ ஓஃபியூக்கை தூசு மேகங்களின் வழியே அதன் ஒளி வருகிறது. தளவிளைவு 4 சதவீதம் சொச்சம், பல பத்தாண்டுகளாக அளந்து உறுதிசெய்த எண். கருவிகளைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் விடை தெரிந்த மாதிரிகளில் அதுவும் ஒன்று. ஒளித்துகள்களை எண்ணும்போது வரும் தவறு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பத்து லட்சம் துகள் சேர்ந்தால் 0.1 சதவீதத் துல்லியம் கிடைக்கும். அந்த நட்சத்திரத்துக்கு இது அதிக நேரம் பிடிக்காத வேலை. பிம்பத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி நிறைய பிக்சல்களில் பரப்பினேன். நாலு கோணங்கள், ஒவ்வொன்றிலும் முப்பது படங்கள். எட்டு மணிக்குத் தொடங்கி ஆல்ஃபா செண்டாரி, பிறகு ஓமிக்ரான், மறுபடி ஆல்ஃபா செண்டாரி.

உள்ளே வந்து கணக்குப் போட்டபோது பதினொன்றரை. ஆல்ஃபா செண்டாரி 0.06, அதாவது என் தவறின் அளவுக்குள் பூஜ்யம். ஓமிக்ரான் 3.9. திசை 33 பாகை, புத்தகத்தில் 32. குழாயைச் சுழற்றி வைத்து மறுபடி அளந்தேன். இந்தத் தடவை திசை அசையவில்லை. பால்வீதியின் காந்தப்புலம் அந்த இடத்தில் வானத்தில் எந்தப் பக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது என்பதை என் வீட்டுக் கொல்லையில் இருந்து நானே பார்த்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த என் மனைவியை எழுப்பிச் சொன்னேன். "இப்பவாவது வந்து படுங்க" என்றாள், ஆனால் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். வெளியே கூட்டிப் போய்க் கையை நீட்டிச் சாய்த்துக் காட்டினேன்.

சிறிய எண்களை அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. தளவிளைவு என்பது 0, 90 பாகைகளுக்கு இடையே ஒன்று, 45, 135 பாகைகளுக்கு இடையே ஒன்று என்று இரண்டு வித்தியாசங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது. அதனால் அது ஒருபோதும் எதிர்ம எண்ணாக வராது. வெறும் இரைச்சலைப் போட்டாலும் ஏதோ ஒரு நேர்ம எண்ணைக் கொடுக்கும். ஆல்ஃபா செண்டாரியின் 0.06ஐப் பார்த்து "கொஞ்சம் இருக்கிறது" என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று நேர்மம், ஒன்று எதிர்மம், இரவுக்கு இரவு மாறிக்கொண்டே இருக்கும். உண்மையான தளவிளைவு அப்படித் தடுமாறாது. நிலவும் தொந்தரவுதான். நிலவொளி வானில் சிதறும்போது அதுவும் தளவிளைவு அடைகிறது, நிலவிலிருந்து 90 பாகை தள்ளி உச்சம். நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள வானத்தையும் அளந்து கழிக்காவிட்டால் நிலவின் கதையை நட்சத்திரத்தின் தலையில் எழுதிவிடுவோம்.

இப்போது என் கண் சித்திரை நட்சத்திரத்தின் மேல். ஸ்பைக்கா. சித்திரை மாதத்துக்குப் பெயர் கொடுத்தது அது. சித்ரா பௌர்ணமியன்று நிலா அதன் பக்கத்தில்தான் நிற்கும். ஒரே நட்சத்திரமாகத் தெரிந்தாலும் உண்மையில் இரண்டு. இரண்டும் சூரியனைவிடப் பல மடங்கு கனமான, நீலமாகக் கொதிக்கும் விண்மீன்கள், நாலு நாளுக்கு ஒருமுறை ஒன்றை ஒன்று சுற்றுகின்றன. மினி-ஹிப்பி எழுதப்பட்டபோதே சித்திரையின் தளவிளைவு அந்த நாலு நாள் சுற்றோடு ஏறி இறங்குவதைக் காட்டியிருந்தார்கள். 2019இல் காரணத்தையும் உறுதிசெய்தார்கள்: ஒரு விண்மீனின் ஒளி இன்னொன்றின் மேல் பட்டுத் தெறித்து வருகிறது. விண்மீன் ஒரு கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிறது. சூரியன் போன்றவை இதில் மிக மோசம், விழும் ஒளியை விழுங்கிவிடும். சூடான விண்மீன்களில் திரியும் எலக்ட்ரான்கள் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. சந்திரசேகர் 1946இல் எடுத்துக்கொண்ட அதே எலக்ட்ரான்கள். 2022இல் இதே குழுவினர், ஆஸ்திரேலியக் கொடியில் இருக்கும் தென்சிலுவையின் பீட்டா குரூசிஸ் நட்சத்திரம் உள்ளுக்குள் அதிரும் விதத்தைத் தளவிளைவையும் சேர்த்துப் படித்து, அதன் நிறை சூரியனைப் போல 14.5 மடங்கு, வயது ஒரு கோடியே பத்து லட்சம் ஆண்டு என்று சொன்னார்கள். இதற்கெல்லாம் என் கருவி போதாது. பிரகாசமான நட்சத்திரம் என்பதால் சித்திரையில் ஒளித்துகளுக்குப் பஞ்சமில்லை. கருவி ஓர் இரவு போல மறு இரவு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். என் துல்லியத்தை இன்னும் பத்து மடங்கு கூட்ட வேண்டும். இந்த வருடம் கேமராவை விட்டுவிட்டு, இரண்டு பிம்பத்துக்கும் தனித்தனியாக ஒளியை உணரும் டையோடு வைத்துப் பார்க்கிறேன்.

சித்திரையில் இன்னொரு வேடிக்கையான சங்கடம் இருக்கிறது. அதன் சுற்றுக் காலம் 4.0145 நாள். கிட்டத்தட்ட முழு எண். தினமும் இரவு ஒன்பது மணிக்கு நான் பார்த்தால் சுற்றின் நாலே நாலு இடங்கள்தான் கண்ணில் படும். ஐந்தாம் நாள் மறுபடி முதல் இடம், வெறும் 21 நிமிட வித்தியாசத்தில். அந்த 21 நிமிடம் சேர்ந்து சேர்ந்து ஒரு முழு நாள் நகர ஒன்பது மாதம் ஆகும். அதற்குள் நட்சத்திரம் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். ஓர் இரவில் ஆறு மணி நேரம் விடாமல் அளந்தாலும் நடுவில் பெரிய பெரிய ஓட்டைகள். அந்த ஓட்டைகளை நிரப்ப வேறு தீர்க்கரேகையில் ஓர் ஆள் வேண்டும்.

அக்கா மகன் பாளையங்கோட்டையில் இயற்பியல் முதுகலை படிக்கிறான். அங்கே சித்திரை உச்சிக்கு வரும் நேரம் எனக்கு ஐந்து மணி நேரம் பிந்தியது. நான் விட்ட இடத்தில் அவன் தொடங்கலாம். மகள் வரைந்த கூட்டின் கோப்பை அவனுக்கு அனுப்பியிருக்கிறோம். பக்கத்துக் கடையில் அச்செடுத்துவிட்டான். கால்சைட் தகடு பார்சலில் போய்க்கொண்டிருக்கிறது. "நேரா சித்திரையிலயே ஆரம்பிச்சிடவா மாமா?" என்று நேற்று செய்தி போட்டிருந்தான். சித்ரா பௌர்ணமி போய் நிலா விலக ஒரு வாரம் ஆகும். அதன் பிறகும், சாயங்காலம் மேற்கே சிரியஸ் சாய்வதற்குள் முதலில் அதைப் பத்துத் தடவை அளந்து எண்களை அனுப்பு, குழாயைத் திருப்பி வைத்துப் பத்துத் தடவை, மற்றதெல்லாம் அப்புறம் என்று பதில் எழுதியிருக்கிறேன்.